பழக்கம் எதனா இருந்துச்சா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால், அந்த வீட்டார் அழுது முடிப்பதற்குள் அவர் வந்துவிடுவார். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து விடுவார். போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு விரலால் தடவிப் பார்ப்பார். விரலில் கரி ஒட்டியிருக்கும். அதைக் கைக்குட்டையில் துடைத்து, கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

"பழக்கம் எதனா இருந்துச்சா?"

எப்படி இருக்கிறார், எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் பிறகு. முதலில் பழக்கம். பழக்கம் என்றால் சிகரெட், குடி, பாக்கு, புகையிலை. இருந்தது என்று சொல்லிவிட்டால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், கூட்டமான பஸ்ஸில் சீட் கிடைத்தவர் மாதிரி சாய்ந்துகொள்வார். இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் அவருக்கு வேலையே ஆரம்பிக்கும்.

அவர் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் செக்ரட்டரி. பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த மரியாதைக்கு அவர் லாயக்கில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பல்லாவரத்திலிருந்து திருமுடிவாக்கம் போகிற வழியில் உள்ளே திரும்பினால் எங்கள் மனைப்பிரிவு வரும். மூன்று தெரு, அறுபது மனை. கடைசித் தெருவுக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தகர ஷெட். பழைய கேபிள், ஒயர் எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வரும். மேலே இருக்கிற ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் எரித்தால் உள்ளே இருக்கிற செம்பு கிடைக்கும். அதுதான் அங்கே தொழில். சாயங்காலம் நாலு மணிக்குக் கொளுத்துவார்கள். ஏழு மணி வரை கறுப்பாகப் புகை வரும். தொண்டையில் ஒரு மாதிரி தித்திப்பாக ஒட்டிக்கொள்ளும். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை மூன்றரைக்குள் எடுக்காவிட்டால் மறுபடி துவைக்க வேண்டும். அந்த மதிலை ஒட்டித்தான் எங்கள் வீடு இருந்தது.

மெடிக்கல் ஷாப்காரியிடம் எதையும் மறைக்க முடியாது. வாயால் சொல்லாததை டாக்டர் சீட்டு சொல்லிவிடும். யார் வீட்டுக்கு ஆஸ்துமா பம்ப் போகிறது, யார் வீட்டில் வாந்தி நிற்க மாத்திரை வாங்குகிறார்கள், எந்த வீட்டு அம்மா திடீரென்று தலையில் துணி கட்டிக்கொண்டு வருகிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். புற்றுநோய் வந்த வீடுகளை ஒருநாள் சும்மா விரல் விட்டு எண்ணினேன். ஒரு கை போதவில்லை. பாதிக்கு மேல் கடைசித் தெரு. இதை செக்ரட்டரியிடம் சொன்னேன்.

"நீங்க மருந்து விக்கிறீங்க மேடம், அதான் உங்களுக்கு எல்லாம் சீக்கா தெரியுது" என்றார்.

கடைசித் தெருவில் ரயில்வே கார்டாக இருந்து ரிடையரான ஒருவர் இருந்தார். அவருக்கு வயிற்றில் வந்தது. சிகரெட் இல்லை, வெற்றிலை இல்லை, குடி இல்லை. செக்ரட்டரி ஒரு மணி நேரம் அவர் மனைவியைக் குடைந்தார். நான் குளுக்கோஸ் பாக்கெட் கொடுக்கப் போனவள், நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டீ எப்டிமா குடிப்பாரு?"

"சூடாத்தான் சார்."

"எவ்ளோ சூடா?"

"அடுப்புலேருந்து இறக்கின உடனே குடிப்பார் சார். ஆறினா பிடிக்காது."

அவ்வளவுதான், எழுந்துவிட்டார். வெளியே நின்றிருந்த நாலு பேரிடம் அறிக்கை விட்டார். "கொதிக்கக் கொதிக்க டீ. அதான் விஷயம். நம்மளே தேடிக்கிறது சார்." அதற்குப் பிறகு பத்து நாள் எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் யாருக்கும் சூடாக டீ கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வெதவெதவென்று ஒரு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆமாம், நானும்தான் ஆற்றிக் கொடுத்தேன்.

இரண்டாம் தெருவில் இருந்த டெய்லருக்கு வாயில் வந்தது. அவர் பாக்கு போடுவாரா என்று கடை கடையாக விசாரித்துப் பார்த்தார் செக்ரட்டரி. யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. கடைசியில் அந்த மனிதர் நூலைப் பல்லால் கடித்து அறுப்பார் என்பதைக் கண்டுபிடித்தார். "நூல்ல சாயம் கீதுல்ல? கெமிக்கல் மேடம் அது. டெய்லி வாயில வெச்சா உடம்பு தாங்குமா?" அவர் அதை என் கடை வாசலில் நின்று சொன்னபோது மணி ஐந்து. அவர் தலைக்குப் பின்னால் வானம் பாதி கறுத்திருந்தது. நூலில் இருந்த கெமிக்கல் அவருக்குத் தெரிந்தது.

இன்னொரு வீட்டில் ஒரு பெண்ணுக்கு மார்பில் வந்தது. அவள் கணவன் பேங்கில் வேலை பார்க்கிறவன், அதிர்ந்து பேசமாட்டான். அவனிடம் போய், குழந்தைக்கு எத்தனை மாசம் பால் கொடுத்தாள் என்று இவர் கேட்டிருக்கிறார். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இவர் சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்து, "பதிலே சொல்லல. அப்ப எதோ கீது" என்றார். அன்றைக்கு நான் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கடையில் இருந்திருந்தால் எதையாவது எடுத்து அவர் மேல் எறிந்திருப்பேன்.

அவருடைய சொந்தப் பழக்கம் ஒன்று இருந்தது. மூக்கில் வைத்து உறிஞ்சுகிற இன்ஹேலர், அந்தச் சின்ன வெள்ளைக் குழாய். எப்போதும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நிற்கும். வாரத்துக்கு இரண்டு என்னிடம்தான் வாங்குவார். சாயங்காலமானால் அதை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டார். வலது மூக்கு, இடது மூக்கு, மறுபடி வலது. அந்த நேரத்தில் யாராவது போய், என்ன சார் இப்படி நாறுகிறதே, ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டால், குழாயை அரை அங்குலம் வெளியே இழுத்துவிட்டு, "நாத்தமா? எங்க? எனுக்கு ஒண்ணியும் தெர்லியே" என்பார். பிறகு அது உள்ளே போய்விடும்.

"அப்புறம் எதுக்கு சார் இது?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சைனஸ் மேடம். பொறந்ததுலேந்தே கீது."

எங்கள் மனையை எங்களுக்குக் காட்டியவரும் இவர்தான். இந்த இடமெல்லாம் அவர் குடும்பத்து நிலம். நிலத்தைப் பிரித்து, கல் நட்டு, அறுபது மனையையும் அவரே நின்று விற்றார். பார்க்க வருகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வரச் சொல்வார். "அன்னிக்குத்தான் மேடம் நான் ஃப்ரீ." நாங்களும் சர்ச் முடிந்து நேராகப் போனோம். என் வீட்டுக்காரர், நான், அவருடைய தங்கை கிரேஸ், மூன்று பேரும். பளிச்சென்று வெயில், நல்ல காற்று. "காத்து பாத்தீங்களா? ஃபேனே போட வாணாம்" என்றார். கிரேஸ் துப்பட்டா பறக்கப் பறக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். வீடு கட்டிக் குடிபோன முதல் திங்கட்கிழமை நாலு மணிக்குத்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. ஷெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு.

மறுநாள் சண்டைக்குப் போனேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்துக் குறையைப் பேசுகிற அப்பா மாதிரி பொறுமையாகச் சொன்னார். "பழகிடும் மேடம். ஒரே மாசம். அப்பால ஒண்ணியும் தெரியாது."

பாருங்கள், ஒரே வார்த்தைதான். நோய் வந்தால் பழக்கம், புகை வந்தால் பழகிடும். அந்த மனிதர் பன்னிரண்டு வருஷம் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே சங்கத்தை நடத்திவிட்டார். எதிர்த்து யாரும் எலெக்‌ஷனில் நிற்கவும் இல்லை. தெருவில் படித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. இன்ஜினியர் உண்டு, வக்கீல் உண்டு. எல்லோரும் பின்பக்க ஜன்னலுக்குத் தெர்மோகோல் வைத்து அடைத்துவிட்டு, முன்பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள்.

ஒருமுறை நானும் கிரேஸும் மனு எழுதினோம். கிரேஸ் நர்சரி ஸ்கூல் டீச்சர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மதிலுக்குப் பின்னால் ஒயர் எரிக்கிறார்கள், புகையால் குழந்தைகளுக்கு இருமல், நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு பக்கம். நாற்பத்திரண்டு கையெழுத்து வாங்கினோம். செக்ரட்டரி வந்து, சங்கத்து லெட்டர்பேடில் போனால்தான் ஆபீசில் மதிப்பார்கள், கொடுங்கள் நானே நேரில் கொடுக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவது வாரம் நடவடிக்கை வந்தது. நாய் பிடிக்கிற வண்டி வந்து நின்றது. லெட்டர்பேடில் திருப்பி எழுதும்போது புகையை எடுத்துவிட்டுத் தெருநாய் என்று போட்டிருக்கிறார். கையெழுத்துத் தாள் மட்டும் எங்களுடையது.

"பொகைன்னு எழுதினா ஏரியா பேரு கெட்டுடும் மேடம். நாளைக்கு நீங்க வூட்ட விக்கணும்னா யார் வருவா? நாய்ன்னா பரவால்ல. எல்லா ஏரியாலயும் நாய் கீது."

கிரேஸ் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படித்தான். எனக்கு ரத்தம் கொதிக்கிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தாள். குழந்தை இல்லாத எங்கள் வீட்டில் அவள்தான் சத்தம். ஞாயிற்றுக்கிழமை கொயரில் பாடுவாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில், நீளமாக இழுக்க வேண்டிய ஒரு இடத்தில் மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது என்று வந்து சொன்னாள். வயசாகுது அண்ணி என்றாள். நான் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாசம் கொடுத்தேன். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறவள், என் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு மாசம் இருமல் மருந்து கொடுத்தேன்.

நுரையீரலில் வந்திருந்தது. கொஞ்சம் பரவியும் இருந்தது. அவள் ஜென்மத்தில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அந்தப் புகையாலா டாக்டர் என்று நான் கேட்டேன். டாக்டர் நல்ல மனிதர், சின்ன வயசுக்காரர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "இவங்களுக்கு இதனாலதான்னு என்னால சொல்ல முடியாதும்மா. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது. சிகரெட்டே பிடிக்காதவங்களுக்கும் வருது. ஆனா அந்த மாதிரி புகை உடம்புக்கு நல்லதில்லை, அதுல சந்தேகமே இல்லை. ஒரு ஏரியால ஜாஸ்தி வருதான்னு கண்டுபிடிக்கணும்னா, யாராவது வீடு வீடா போய்க் கேட்டு எழுதணும்."

கிரேஸ் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் திரும்பி வரும்போது, "யாராவது எழுதணுமாம் அண்ணி" என்று இரண்டு தரம் சொன்னாள்.

செக்ரட்டரி மூன்றாம் நாள் வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. செருப்பு, நாற்காலி, விரல், கைக்குட்டை, எல்லாம் முறைப்படி நடந்தது. என் நாத்தனாரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்க மட்டும் கொஞ்சம் தயங்கினார். ஒரு பெண்ணிடம், அதுவும் டீச்சரிடம், சிகரெட் உண்டா என்று எப்படிக் கேட்பது? கண்ணை அறை முழுக்க ஓட்டினார். கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் ஒன்று, பாதி எரிந்தது, தட்டில் கிடந்தது. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இது டெய்லி வெப்பீங்களாம்மா?"

"வைப்பேன் சார். கொசு இருக்கே."

"மூடின ரூம்ல இந்தப் பொகைய இழுத்துகினு படுத்தா இன்னா ஆவும்? பொகை ரொம்பக் கெடுதல்மா. நெஞ்சுல போய் அப்டியே ஒக்காந்துக்கும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி நாலரை. அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியாக அது உள்ளே வந்துகொண்டிருந்தது. அவர் பையிலிருந்து குழாயை எடுத்து வலது மூக்கில் வைத்தார். கிரேஸ் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நான் ஓடிப்போய் முதுகைத் தடவ வேண்டியிருந்தது. அவர் சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

கேட் வரை அவர் பின்னாலேயே போனேன். அன்றைக்கு விடுவதாக இல்லை. "சார், உங்களுக்குக் கண்ணு தெரியாதா, மூக்கு இல்லையா, இல்லை மனசுதான் இல்லையா?" என்று கேட்டேன். கேட்டின் கொண்டியைத் தூக்கியவர் அதை மறுபடி கீழே விட்டார்.

"மேடம், இந்த அறுபது மனையும் நான் வித்தது. ஒவ்வொருத்தரையும் நான்தான் கூட்டியாந்து நிக்க வெச்சிக் காட்டினேன். பொகையினாலதான்னு வெச்சிக்கோங்க. அப்ப இத்தினி பேரயும் நான்தான..." நிறுத்திக்கொண்டார். பிறகு தலையைப் பலமாக ஆட்டினார். "கெடையாது மேடம். பழக்கம்தான். எதனா ஒண்ணு இருந்தே தீரும்."

அதுவரை அவரை அடிமுட்டாள் என்று நினைத்திருந்தேன். அவருக்கு எல்லாம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முட்டாளாகவே இருந்திருக்கலாம். முட்டாளை மன்னித்துவிடலாம். தன் தூக்கம் கெடாமல் இருப்பதற்காக, சாகப்போகிற ஒவ்வொருவர் மேலும் ஒரு குற்றத்தை எழுதிவிட்டுப் போகிற மனிதனை என்ன செய்வது?

கிரேஸுக்கு ஒரு மாத்திரை சொன்னார்கள். நான் மருந்து வியாபாரம் பார்க்கிறவள், அந்த மாத்திரையின் விலை எனக்குத் தெரியும். வீட்டை விற்பது என்று முடிவு செய்தோம். வேறு வழியில்லை. இந்தத் தெருவில் வீடு விற்க வேண்டும் என்றால் அவரிடம்தான் போக வேண்டும். போனேன். அவர் மறுபேச்சில்லாமல் ஒரு வாரத்தில் ஆளைக் கொண்டுவந்தார். புதிதாகக் கல்யாணமானவர்கள், ஐடி வேலை, அந்தப் பெண் மாசமாக இருந்தாள். எப்போது வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலில் இருந்த தெர்மோகோலை எல்லாம் நானே எடுத்து, கம்பிகளைத் துடைத்து வைத்திருந்தேன். பிடித்துப்போய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அதற்கு அடுத்த வாரம்தான் எழுதுகிறவர்கள் வந்தார்கள். ஒரு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், வெள்ளைக் கோட்டு, கையில் அட்டை. யார் யாருக்கு என்ன நோய் என்று வீடு வீடாக எழுதுகிறார்களாம். ஒரு தாளில் இரண்டு பக்கம். முன்பக்கம் நோய், வயசு, பழக்கங்கள். பின்பக்கம் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது, குப்பை எரிப்பது உண்டா, ஆலை உண்டா, புகை உண்டா என்று கட்டம் கட்டமாகக் கேள்வி. செய்தி தெரிந்ததும் கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது எழுந்து வெளியே வர அவளால் முடியாது.

"அண்ணி, எனக்கு எதனால வந்துச்சுன்னு எழுத வேண்டாம். அது யாருக்கும் தெரியாது. பின்னாடி புகை வருதுன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க. மறக்காம."

எழுதச் சொல்கிறேன் என்றேன்.

அந்தப் பெண்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? செக்ரட்டரி. ஒவ்வொரு வீட்டிலும் முன்பக்கத்தை அவரே சொல்லி நிரப்பினார். டீ, நூல், தாய்ப்பால், ஒன்றையும் அவர் மறக்கவில்லை. பின்பக்கம் வந்ததும், "அது எல்லா வூட்டுக்கும் ஒண்ணுதாம்மா. இல்லன்னு போட்டுக்குனே வா" என்றார். அவர்கள் படிக்கிற பெண்கள், வெயில் வேறு. போட்டுக்கொண்டே வந்தார்கள். காலை பதினொரு மணிக்கு எங்கள் தெருவில் புகை ஏது?

எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்தார்கள். பழக்கம் என்ற இடத்தில் கொசுவத்தி என்று எழுதினார்கள். தாளைத் திருப்பினார்கள். அதில் ஒரு பெண் மட்டும், கண்ணாடி போட்டவள், செக்ரட்டரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. பக்கத்துல புகை ஏதாவது வருமா?"

செக்ரட்டரி என்னையே பார்த்தார். "ரிஜிஸ்ட்ரேஷன் அடுத்த வாரம் மேடம்" என்றார், ரொம்ப அன்பாக. "இவங்க எழுதறது நாளைக்கு பேப்பர்ல வரும். வூடு வாங்கற பையன் பேப்பர் படிக்கிற பையன். உங்க வூடு, உங்க இஷ்டம்."

உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது. பேனா காத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அவளுடைய மாத்திரை, இன்னொரு பக்கம் அவள் கேட்ட ஒரே ஒரு வரி. இரண்டும் அவளுக்காகத்தான்.

"இல்லைம்மா" என்றேன்.

அவர்கள் போன பிறகு கிரேஸ் கூப்பிட்டாள். எழுதினாங்களா அண்ணி என்றாள். எழுதினாங்க என்றேன். பின்பக்கத்திலயா என்றாள். ஆமாம், பின்பக்கத்தில் என்றேன். நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால், ஒரு புதன்கிழமை சாயங்காலம், வீடு வாங்குகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். அலமாரிக்கு அளவு எடுக்க வேண்டுமாம். பின்னாலேயே செக்ரட்டரி மூச்சு வாங்க ஓடி வந்தார். மணி ஐந்து. அந்தப் பெண் பின்பக்க அறைக்குள் காலை வைத்ததும் துப்பட்டாவால் மூக்கை மூடினாள். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"என்னக்கா இது, இப்படி ஸ்மெல் வருது? டெய்லியுமா?"

நான் செக்ரட்டரியைப் பார்த்தேன். இதற்கென்றே பிறந்த மனிதர், ஆயிரம் தடவை சொன்ன பதில். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை. குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். பதில் என் வாயிலிருந்து வந்தது.

"பழகிடும்மா."

வீடு விற்றது. பல்லாவரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். மாத்திரை கிரேஸுக்கு ஐந்து மாசம் கொடுத்தது. அந்த ஐந்து மாசமும் எனக்கு வேண்டியிருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் அடக்கத்துக்கு செக்ரட்டரி வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எதுவும் மிச்சமில்லை, எல்லாம் எழுதியாகிவிட்டது.

அவரும் இப்போது இங்கே இல்லை. மகன் வண்டலூரைத் தாண்டி ஃபிளாட் வாங்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். போவதற்கு முன்னால் கடைக்கு வந்தார். நான் கேட்காமலேயே வழக்கம்போல் இரண்டு இன்ஹேலரை எடுத்து மேஜையில் வைத்தேன். கையால் தள்ளிவிட்டார்.

"வாணாம் மேடம். அங்க காத்து நல்லா கீது."

பிறந்ததிலிருந்து இருந்த சைனஸ் சரியாகிவிட்டது. அவரைத் திட்ட எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். திட்டினால் அது பாதி என் மேலேயே வந்து விழும் என்று தெரிந்திருந்தது.

கடை இன்னும் அதே முனையில்தான் இருக்கிறது. தினமும் பஸ் பிடித்து வருகிறேன். போன மாசம் அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு மூக்கடைப்பு, இருமல், சொட்டு மருந்து வேண்டும் என்றாள். பதினொரு மாசம். கொழுகொழுவென்று இருந்தது. மூச்சு விடும்போது நெஞ்சில் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். என்னைப் பார்த்துச் சிரித்தது. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டேன். காட்டியாகிவிட்டது, போன வாரம்தான், மறுபடி வந்துவிட்டது என்றாள்.

"வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சூப்பர்க்கா. மொதல்ல அந்த ஸ்மெல்லுக்குத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன். நீங்க சொன்ன மாதிரியே பழகிடுச்சுக்கா. இப்பல்லாம் தெரியறதே இல்லை."

குழந்தை கட்டை விரலை வாயில் வைத்தது. அவள் அதை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள்.

"இந்தப் பழக்கம்தான்க்கா எல்லாத்துக்கும் காரணம். எப்பப் பாரு வெரல் சூப்பிகிட்டு. கண்டதும் உள்ள போகுது, அதான் சளியே விடமாட்டேங்குது. போறதுக்கு முன்னாடி செக்ரட்டரி அங்கிள்கூடச் சொன்னாரு."

கடையில் வேறு யாரும் இல்லை. வீடு விற்றாகிவிட்டது, பத்திரம் பதிந்தாகிவிட்டது, செக்ரட்டரி இல்லை, கிரேஸும் இல்லை. நான் பயப்பட ஒன்றுமே மிச்சமில்லை. பம்மலிலிருந்து வந்த பஸ் ஒன்று திரும்பி நின்று போனது. பிறகு, விரலில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னேன். இரண்டு நாள் கசந்தால் விட்டுவிடும் என்றேன். சொட்டு மருந்தோடு வேப்பெண்ணெய்ப் பாட்டில் ஒன்றையும் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன்.